கீழ்வீட்டுக்காரரின் கை

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொள்வது உலகத்தில் நடக்காத சங்கதி இல்லை. வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால் பேச்சு நின்ற மறுவாரமே வேலைக்கு வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொல் இல்லாமல் ஒரே கிரேனில் சேர்ந்து வேலை பார்த்த அண்ணன் தம்பியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியவன் மேலே கூண்டில் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டுகிறவன். சின்னவன் கீழே நின்று அவனுக்குக் கை காட்டுகிறவன். பெற்றவள் இருவரையும் அப்படித்தான் கூப்பிட்டாள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். சைட்டில் அவர்களுக்கு வேறு பட்டம் இருந்தது. மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர்.

மற்ற மிஷின்களுக்கு இந்த இரட்டை ஆள் தொல்லை கிடையாது. பொக்லைன் ஓட்டுகிறவன் தான் தோண்டுகிற பள்ளத்தைத் தானே பார்த்துக்கொள்கிறான். டோசர்காரனுக்குத் தகட்டுக்கு முன்னால் மண் மேடு தெரிகிறது, ரோலர்காரனுக்கு உருளைக்குக் கீழே ரோடு தெரிகிறது. இதெல்லாம் தரையோடு தரையாக உழைக்கிற ஜாதி. டவர் கிரேன்காரன் பாடு அப்படியில்லை. அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக் கூண்டில், இரண்டு கையிலும் இரண்டு லிவரைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் கம்பிக் கட்டு எந்த மூலையில் இறங்குகிறது, அந்த மூலையில் யார் தலை இருக்கிறது என்பது பாதி நேரம் அவனுக்குத் தெரியாது. பாதி எழும்பிய கட்டடமே அவனுக்குக் குறுக்கே நிற்கும். அந்த மூலையும் மேலே இருக்கிற கூண்டும் இரண்டுமே கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து சின்னவன் நிற்பான். அவன் கைதான் பெரியவனுக்குக் கண்.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவன் ஒரே ஒருத்தன் கைக்குத்தான் கட்டுப்படவேண்டும். இன்ஜினியரே வந்து கையை ஆட்டினாலும் லிவரைத் தொடக்கூடாது. நிறுத்து என்கிற சைகைக்கு மட்டும் விலக்கு, அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். சின்னவன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆள்காட்டி விரலைச் சின்னதாகச் சுழற்றினால் ஏற்று. கையைத் தாழ்த்தி விரலைத் தரைக்குச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கை கீழே பார்க்க கையைப் பக்கவாட்டில் நீட்டி அசைத்தால் நில். சாயங்காலம் எல்லா லோடும் இறங்கின பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், வேலை முடிந்தது, லிவரை விடு என்று அர்த்தம்.

பேச்சு எதனால் நின்றது என்று கேட்பீர்கள். பெரியவனின் வாயால் நின்றது. அம்மா சின்னவன் வீட்டில்தான் இருந்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அவளைத் தூக்கி உட்கார வைத்ததும், துடைத்துவிட்டதும், கஞ்சி ஊட்டியதும் சின்னவன் மனைவிதான். பெரியவன் லீவு நாளில் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, அரைமணி நேரம் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டு, விளக்கு வெளிச்சம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைக்கவில்லை என்று இரண்டு குறை சொல்லிவிட்டுப் போவான். அம்மா போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், வந்தவர் போனவர் எல்லார் முன்னாலும், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"நீ ஒழுங்கா பாத்திருந்தா அம்மா இன்னைக்கு இருந்திருப்பா."

அவள் கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சின்னவன்தான் அண்ணனுக்கு எதிரில் வந்து நின்றான். கத்தவெல்லாம் இல்லை, இன்றோடு உனக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது என்று சாதாரணக் குரலில் சொன்னான்.

பெரியவன் கெட்டவன் இல்லை. துக்கத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டான். மறுநாள் காலையிலேயே தான் பேசியது அபாண்டம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? வீம்பு விடவேண்டுமே. தம்பி ஒரு வார்த்தை பேசட்டும், அந்தச் சாக்கில் நானும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தான். தம்பியோ அண்ணன் முதலில் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தான். "தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்று பெரியவன் மனைவி சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

கம்பெனியில் எல்லாருக்கும் வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். சின்னவன் தன்னுடையதை லோடு கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டான். சூப்பர்வைசர் கேட்டதற்கு, எங்களுக்குக் கை போதும் சார், இந்தச் சத்தத்தில் அது கரகரவென்று கத்துவதுதான் மிச்சம் என்றான். சூப்பர்வைசர் கையிலிருந்த செட் வழியாகப் பெரியவன் அதை மேலே கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் கூண்டில் தன் செட்டை ஒருநாளும் அணைத்ததில்லை. காலையில் ஏறினதும் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பான், சத்தத்தைக் கூட்டி வைப்பான். சிமென்ட் கேட்கிறவன், டிப்பரை விலக்கச் சொல்கிறவன், டீ வந்துவிட்டதா என்று விசாரிக்கிறவன் என்று ஊர்ப்பட்ட குரல் அதில் வரும். வரவேண்டிய குரல் மட்டும் வராது.

இதைப் பார்த்துப் பார்த்து சைட்டில் ஒரே சிரிப்பு. புருஷன் பெண்டாட்டி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாலும் பாதி புரிவதில்லை, இவர்கள் இரண்டு பேருக்கும் விரலை அசைத்தால் போதும் என்று காங்கிரீட் பம்புக்காரர் கிண்டல் செய்வார். உண்மைதான். சின்னவன் விரல் சுற்றுகிற வேகத்தை வைத்தே லோடு எவ்வளவு வேகமாக ஏறவேண்டும் என்று பெரியவனுக்குத் தெரியும். மணிக்கட்டு லேசாகத் தயங்கினால் கீழே யாரோ குறுக்கே நடக்கிறார்கள் என்று அர்த்தம். சாயங்காலம் அந்தக் கை கோர்க்கிற சைகை வரும். சட்டப்படி ஒரு நொடி காட்டினால் போதும். சின்னவன் கொஞ்ச நேரம் கூடவே கோத்தபடி நின்று, மேலே பார்ப்பான். பெரியவன் அதற்காகத்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான் என்றுகூடச் சொல்லலாம். அவன் கூண்டை விட்டு ஏணி ஏணியாக இறங்கித் தரைக்கு வருவதற்குள் தம்பி கிளம்பிப் போயிருப்பான்.

ஒரு வருஷம் இப்படி ஓடிற்று, இன்னும் அப்படியே போயிருக்கும். ஆனால் சின்னவன் கை மாறத் தொடங்கியது.

முதலில் சின்ன மாற்றம்தான். தலைக்கு மேல் போகவேண்டிய கை தோளோடு நின்றது. விரல் சுழற்சி சோம்பலாக இருந்தது. பிறகு சில நேரம் வலது கைக்குப் பதில் இடது கையால் காட்டினான், ஏதோ போனால் போகிறது என்கிற மாதிரி. பெரியவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்காகக் கையைக்கூடத் தூக்க மாட்டானா? பேச்சுத்தான் இல்லை, தொழிலிலும் அலட்சியமா? இத்தனை நாள் விரல் நுனியைப் படித்தவன், அந்தக் கையை மட்டும் தப்பாகப் படித்தான். சைகை காட்டுகிறவன் கையில் சைகையைத் தவிர வேறொன்றும் இருக்க முடியாது என்று பழகிப்போன கண். அந்தக் கைக்கு ரத்தமும் நரம்பும் உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ஒருநாள் காலையில் கம்பிக் கட்டு ஒன்று ஐந்தாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. நில் என்று கை நீளவேண்டிய இடத்தில் நீளவில்லை. சின்னவன் தோள் மட்டும் ஒரு குலுக்குக் குலுங்கியது, கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. பெரியவன் தானாகவே உணர்ந்து நிறுத்துவதற்குள் கம்பி நுனி சாரத்தில் உரசி, ஒரு குழாய் கழன்று கீழே விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. பெரியவன் கட்டைச் சாரத்திலிருந்து விலக்கி நிறுத்தினான். பயம் தெளிந்ததும் அது அப்படியே கோபமாக மாறியது. வாக்கி டாக்கியை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். சைட் முழுக்கக் கேட்கிற மாதிரியே பேசினான்.

"சார், ஆளை மாத்துங்க. இவன் கையை நம்பி என்னால வண்டி ஓட்ட முடியாது."

இதிலும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. இதைக் கேட்டாவது தம்பிக்கு ரோஷம் வரும், யாரிடமாவது செட்டைப் பிடுங்கி நாலு வார்த்தை திட்டுவான், திட்டினாலும் குரல் குரல்தானே என்று காத்திருந்தான். செட்டில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்தான். கீழே பார்த்தான். சின்னவன் தலைக்கவசத்தைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். பிறகு சூப்பர்வைசர் சொன்ன திசையில், மெயின் கேட்டுப் பக்கம், நடந்து போனான். டிப்பர் லாரிகளைப் பின்னால் வா, போ என்று வழிகாட்டி விடுகிற வேலை. இத்தனை வருஷம் கிரேனுக்குக் கை காட்டியவனுக்கு அது ஒரு வேலையா?

அவன் இடத்துக்கு வந்தவனுக்குக் காத்தாடி என்று பெயர். ஏற்று என்றாலும் இறக்கு என்றாலும் ஈ ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் ஒரே சுற்றாகச் சுற்றுவான், அதோடு செட்டில் வாய் ஓயாமல் பேசுவான். சாயங்காலம் கையைக் கோர்க்க மாட்டான். "முடிஞ்சதுண்ணே, வரேன்" என்று செட்டில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். பெரியவன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் லிவரை விடாமல் உட்கார்ந்திருப்பான். கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் புழுதிக்கு நடுவே ஒரு மஞ்சள் தலைக்கவசம் தெரியும். நாளைக்குச் சொல்லிவிட்டு அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடிப்போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் கிரேனில் காங்கிரீட் வாளி தொங்கிக்கொண்டிருந்தது. வாளி நிறைய ஈரக் காங்கிரீட், லாரி எடை. கேட்டுப் பக்கம் டிப்பர்கள் வரிசையாக நிற்பதைப் பெரியவன் தற்செயலாகப் பார்த்தான். வரிசை நகரவில்லை. மஞ்சள் தலைக்கவசம் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தது. வேலை நேரத்தில் உட்காருகிறானே, கழுதை, என்று மனசுக்குள் திட்டினான். பிறகு அந்தத் தலைக்கவசம் பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் உருண்டது. டிப்பர் டிரைவர்கள் குதித்து ஓடினார்கள். ஒருத்தர் கிரேனைப் பார்த்து இரண்டு கையையும் பெரிதாக அசைத்தார், நிறுத்து, நிறுத்து என்று.

நிறுத்தினான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். கொக்கியில் லோடு தொங்கும்போது ஓட்டுகிறவன் கூண்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வீட்டில் தீப்பிடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது. கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், தலைக்கு மேல் வாளி. "இறக்கணும், இடம் காட்டு" என்று செட்டில் கத்தினான். காத்தாடி கேட்டுப் பக்கம் ஓடி, பாதியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்து கைகளைச் சுற்றத் தொடங்கினான். ஏற்றா, இறக்கா, வலமா, இடமா, ஒன்றும் விளங்கவில்லை. சின்னவன் நின்றிருந்தால் மூன்று அசைவில் முடிந்திருக்கும் வேலை. வாளி அங்குலம் அங்குலமாக இறங்கியது. பெரியவனின் கண் ஒன்று காத்தாடி மேல், ஒன்று கேட்டின் மேல். அவன் தம்பியை நாலு பேர் தூக்கினார்கள். ஒரு கை தரையில் இழுபட்டபடி போயிற்று. எந்தக் கை என்று இங்கிருந்தே தெரிந்தது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது.

வாளி தரையைத் தொட்டு, கொக்கி கழன்று, கிரேனைப் பூட்டிவிட்டு அவன் ஏணியில் கால் வைத்தபோது தம்பியை ஏற்றிக்கொண்ட கார் கேட்டைத் தாண்டிவிட்டது. அந்த ஏணி முடியவே முடியவில்லை. ஒரு ஏணி இறங்கினால் ஒரு தட்டு, மறுபடி ஒரு ஏணி. இறங்கும்போதே அழுதான், கம்பியைப் பிடித்த கையால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் அதே வராந்தா. அதே பெஞ்சு. சின்னவன் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது, இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் ஒன்றொன்றாக, யாருக்கோ முகவரி சொல்கிற மாதிரி சொன்னாள். பெரியவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"எத்தனை நாளாம்மா கை இப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ஒரு மாசத்துக்கு மேல, மாமா. மரத்துப் போகும், அப்புறம் சரியாயிடும். டாக்டர்கிட்ட போகலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போனா கிரேன் வேலைக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்கன்னு பயந்தாரு." அவள் உள் அறைக் கதவைப் பார்த்தாள். "அண்ணன்கூட எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் விட்டா எங்களுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டாரு."

 அந்த ஒன்றையும் பிடுங்கியது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"அன்னைக்கு நான் உன்னை..." என்று ஆரம்பித்தான்.

"அதை எங்கிட்ட சொல்ல வேணாம், மாமா. உள்ள போய் அவர்கிட்ட சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் அவரு இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தாரு."

உள்ளே சின்னவன் மல்லாந்து கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை போர்வைக்கு மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. பெரியவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்கிறீர்கள்? கொக்கியின் பூட்டு தேய்ந்துவிட்டதாம், மாற்றச் சொல்லியிருக்கிறானாம். காத்தாடி ஈ ஓட்டுகிறானாம். ஐந்தாவது மாடி தளம் போட்டாயிற்றாம், பம்புக்காரர் தினமும் உன்னைக் கேட்கிறாராம். ஒரு வருஷப் பேச்சை ஒரேயடியாகக் கொட்டினான். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. தொண்டை வரை வரும், உடனே வேறு எதையாவது எடுத்துப் பேசுவான். கொஞ்சம் தேறட்டும், தெளிவாக உட்காரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதும், அந்த இடத்திலும், நாளைக்குத் தள்ளினான். மனுஷனை என்னவென்று சொல்வது.

அப்போது சின்னவனின் இடது கை அசைந்தது. படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து நீண்டு, சின்னதாகச் சுழன்றது.

ஏற்று.

பெரியவன் பேச்சை நிறுத்தினான். எதை ஏற்றுவது? சுற்றும் முற்றும் பார்த்தான். கட்டிலின் கால்மாட்டில் தலைப்பக்கத்தை உயர்த்துகிற கைப்பிடி இருந்தது. குனிந்து அதைச் சுற்றினான். கண்ணைத் தம்பியின் விரலிலிருந்து எடுக்கவில்லை. விரல் சுழன்றுகொண்டே இருந்தது, கட்டிலின் தலைப்பக்கம் மெல்ல மெல்ல எழுந்தது. விரல் வேகம் குறைந்ததும் இவனும் குறைத்தான். உள்ளங்கை கீழே திரும்பி லேசாக அசைந்தது. நில். நிறுத்திவிட்டு ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்தான். இப்போது இருவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒரு வருஷத்துக்கும் மேலாக உயரத்திலிருந்து பார்த்த முகத்தைப் பெரியவன் பக்கத்தில் பார்த்தான். தாடியில் நரை விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"சொல்லுடா" என்றான், தம்பியால் சொல்ல முடியாது என்பதை மறந்து.

சின்னவன் இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தான். அங்கிருந்து அது வலது கையைத் தேடிப் போயிற்று. விரல்களைப் பிடித்து மேலே இழுக்கப் பார்த்தான், அந்தக் கை வரவில்லை, நழுவி நழுவி விழுந்தது. மறுபடி இழுத்தான். என்ன செய்யப் பார்க்கிறான் என்று பெரியவனுக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். ஆனால் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டே பழகிய உடம்பு. தன் வலது கையைத் தூக்கித் தம்பியின் நெஞ்சின் மேல் வைத்தான். சின்னவனின் விரல்கள் அந்த விரல்களுக்குள் நுழைந்து கோத்துக்கொண்டன. அப்படியே கோத்தபடி அண்ணனைப் பார்த்தான், சாயங்காலங்களில் பார்ப்பதுபோல.

"வேணாம்டா" என்றான் பெரியவன். "இன்னும் முடியலடா. நான் இன்னும் சொல்லவே இல்ல."

சின்னவன் கண்ணை மூடினான். மூச்சு வந்துகொண்டிருந்தது, ஆனால் மிகவும் இடைவெளி விட்டு. பெரியவன் அவன் காதருகே குனிந்தான். அம்மாவை அவள் நல்லாத்தான் பார்த்துக்கொண்டாள், நான்தான் பார்க்கவில்லை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, உன் கையை நம்பமாட்டேன் என்றதும் தப்பு என்று சொன்னான். வராந்தாவில் சொல்லியிருக்கவேண்டியதை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டியதை, அந்தச் செட்டில் சைட் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கவேண்டியதை எல்லாம் சொன்னான். சின்னவன் மனைவி வாசலில் வந்து நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சின்னவன் கேட்டானா என்று யாருக்கும் தெரியாது.

நர்ஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பிடி எப்போதோ தளர்ந்திருந்தது. பெரியவன் எடுக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினான்.